இரண்டு திருபுவனம், ஒரு போர்

தமிழ்நாட்டில் திருபுவனம் என்று கூப்பிடப்படும் ஊர்கள் இரண்டு. ஒன்று எங்களுடையது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில், திருவிடைமருதூருக்குச் சற்று முன்னால், காவிரிக்குத் தென்பக்கம் இருக்கிறது. இன்னொன்று வைகைக் கரையில், மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அரசுப் பதிவேட்டில் அவர்களுக்கு ஒரு 'ப்' கூடுதல், திருப்புவனம். பேச்சில் அந்த ஒற்று யார் காதிலும் விழுவதில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இது பழகிய சங்கதிதான். பாபநாசம் என்றால் தஞ்சாவூர்ப் பாபநாசமா, தாமிரபரணிப் பாபநாசமா என்று கேட்டுக்கொள்வோம். மன்னார்குடிக்கு ராஜமன்னார்குடி, காட்டுமன்னார்குடி என்று அடைமொழி போட்டே பிரித்து வைத்திருக்கிறோம். எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கும்பகோணம் அருகில்' என்று போடுவது வழக்கம். போடாவிட்டால் மாப்பிள்ளை வீட்டு வேன் ஒன்றாவது மதுரைப் பக்கம் கிளம்பிவிடும் என்ற பயம் பெரியவர்களுக்கு உண்டு. பட்டுக்கடைக்குப் போன் செய்கிறவர்கள், "மாட்டுத்தாவணியில பஸ் ஏறினா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்பதைக் கடையில் உட்கார்ந்து நானே கேட்டிருக்கிறேன். கடைக்காரர் பொறுமையாகச் சொல்வார்: "அம்மா, அது கீழடி பக்கத்துத் திருப்புவனம். இது சோழ நாட்டுத் திருபுவனம். நீங்க கும்பகோணம் வரணும்."

பெயர் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல். அவர்களுடையது பழைய பூவணம். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். ஆக, ஏழாம் நூற்றாண்டிலேயே பேர் பெற்ற ஊர். எங்களுடையதோ திரிபுவனவீரன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு சோழ அரசனின் பட்டத்திலிருந்து வந்தது. ஐந்து நூற்றாண்டு இளையது. புதுச்சேரிக்கு மேற்கே திருபுவனை என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அங்கே 1048-ல், முதலாம் ராஜாதிராஜன் காலத்தில், 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்விக்கூடத்தைப் பற்றிக் கல்வெட்டு இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். இங்கே நான் சொல்ல வந்தது முதல் இரண்டு ஊர்களைப் பற்றி. தற்செயலாக ஒரே பெயரைச் சுமக்கும் இந்த இரண்டு ஊர்களிலும், 1200-ஐ ஒட்டி நடந்த ஒரே போரின் இரண்டு பக்கங்களும் எழுத்தாகக் கிடைக்கின்றன. சோழன் பக்கம் எங்கள் ஊர்க் கல்லில், பாண்டியன் பக்கம் அவர்கள் ஊர்ச் செப்பேட்டில். இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்த பிறகு, நான் தினமும் கடந்துபோகும் கோபுரத்தை முன்போல் பார்க்க முடியவில்லை.

எங்கள் கோயிலுக்குப் பெயர் கம்பகரேசுவரர் கோயில். தருமபுரம் ஆதீனத்தைச் சேர்ந்தது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் யோசிப்பார். சரபேஸ்வரர் கோயில் என்றால் உடனே வண்டியைத் திருப்புவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை, ராகு காலத்தில், சரபர் சந்நிதியில் நிற்க இடம் கிடைக்காது. கோர்ட் கேஸ், கடன், உடம்புக்கு முடியாதது என்று எத்தனையோ பாரத்தோடு சென்னையிலிருந்தெல்லாம் வருகிறார்கள். கும்பிட்டுவிட்டு அடுத்த கோயிலுக்குப் புறப்படுகிறார்கள். சுவரில் எழுத்து இருப்பதைக் கவனிக்கிறவர்கள் குறைவு.

கட்டியவன் மூன்றாம் குலோத்துங்கன், 1178-ல் பட்டத்துக்கு வந்து சுமார் நாற்பது ஆண்டு ஆண்டவன். சோழர் எடுத்த மிகப் பெரிய கோயில்களைத் தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால் நான்காவது இதுதான். தஞ்சாவூர் 1987-லும் மற்ற இரண்டும் 2004-லும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. நான்காவது சேரவில்லை. சுற்றுலாப் பேருந்துகள் தாராசுரத்தோடு திரும்பிவிடுகின்றன. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. சோழப் பேரரசு எப்படித் தொடங்கியது என்பதைத் தஞ்சாவூரில் பார்க்கலாம். அது எப்படி முடிந்தது என்பதற்குச் சாட்சி எங்கள் ஊரில்தான் நிற்கிறது. ஆரம்பத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவது பாதிக் கதை.

குலோத்துங்கனின் கல்வெட்டுகள் அவனை எப்படி அறிமுகப்படுத்துகின்றன தெரியுமா? மதுரையும் ஈழமும் கருவூரும் பாண்டியன் முடித்தலையும் கொண்டு, வீராபிஷேகமும் விசயாபிஷேகமும் பண்ணியருளிய திரிபுவனவீரதேவர் என்று. நான்கு வெற்றி, அந்த வெற்றியைக் கொண்டாடும் இரண்டு அபிஷேகம், கடைசியில் மூவுலகுக்கும் வீரன். அந்தக் கடைசிப் பட்டத்தில்தான் கோயிலுக்குத் திரிபுவனவீரேச்சரம் என்று பெயர் வைத்தார்கள். ஊரும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. சின்ன வயதில் இதைக் கேட்டால் எங்களுக்கெல்லாம் மார்பு விரியும். நம் ஊரே ஒரு வெற்றிச் சின்னம் அல்லவா!

'பாண்டியன் முடித்தலை' என்றால் என்ன என்று பிறகுதான் கேட்கத் தோன்றியது.

கதை குலோத்துங்கனுக்கு முன்பே தொடங்குகிறது. 1160-களில் மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதிக்கொண்டார்கள். ஒருவனுக்கு உதவ இலங்கையின் பராக்கிரமபாகு படை அனுப்பினான். மற்றவனுக்கு உதவச் சோழப் படை போனது. இலங்கைத் தளபதிகளின் தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து வைத்ததாக மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. பிறகு கூட்டணிகள் மாறின. சோழன் உதவியால் அரியணை ஏறியவனே இலங்கையோடு சேர்ந்தான், சோழர்கள் எதிர்த் தரப்பைத் தூக்கிவிட்டார்கள், அவனும் மாறினான். அந்தப் பதினைந்து இருபது வருஷம் மதுரைச் சீமையில் ஊர்க்காரர்கள் யாருக்கு வரி கட்டினார்கள் என்று நினைத்தாலே தலை சுற்றுகிறது.

மூன்றாம் குலோத்துங்கன் மூன்று முறை தெற்கே படையெடுத்தான். முதலாவது 1182 வாக்கில், வீர பாண்டியனை விரட்டி விக்கிரம பாண்டியனை மதுரையில் உட்கார வைக்க. இரண்டாவது சில ஆண்டுகள் கழித்து. வீர பாண்டியன் திரும்பி வந்து நெட்டூரில் போரிட்டுத் தோற்றான். நெட்டூர் இளையான்குடிப் பக்கம். அந்தத் திருப்புவனம் இருக்கிற அதே சிவகங்கை மாவட்டம். தோற்றவனின் முடி சூடிய தலைமேல் சோழன் கால் வைத்தான் என்பதுதான் 'முடித்தலை கொண்ட' என்பதற்குப் பின்னால் இருக்கும் காட்சி. தலையை வெட்டவில்லை, வணங்கிய தலைமேல் கால். பிறகு அவனுக்கு வாழ இடமும் கொடுத்ததாகவே சோழக் கல்வெட்டுகள் பெருமைப்படுகின்றன.

மூன்றாவது படையெடுப்பு 1205-ஐ ஒட்டி. இப்போது மதுரையில் இருந்தவன் சடையவர்மன் குலசேகரன், 1190-ல் பட்டத்துக்கு வந்தவன். சோழனுக்கு அடங்க மறுத்தான். இந்த முறை குலோத்துங்கன் செய்ததுதான் கடுமை. பாண்டியர் வழிவழியாக முடிசூடிய அபிஷேக மண்டபத்தை இடித்தான். மதுரையில் தனக்கு வீராபிஷேகம் செய்துகொண்டான். அத்தோடு ஊர்ப் பெயர்களிலும் கை வைத்தான். பாண்டி மண்டலம் சோழ பாண்டிய மண்டலம் ஆனது. மதுரை, முடித்தலைகொண்ட சோழபுரம் ஆனது. மதுரையின் பெயர்! எந்தப் பெயரைச் சொன்னாலே ஒரு மொழியும் ஒரு கோயிலும் நினைவுக்கு வருமோ, அந்தப் பெயரை எடுத்துவிட்டு, தோற்றவன் தலையை நினைவூட்டும் ஒரு பெயரை ஒட்டினார்கள். அந்தப் பெயர் கல்வெட்டோடு நின்றது, மக்கள் வாயில் ஏறவில்லை. அதே வெற்றியின் களிப்பில் பிறந்த 'திரிபுவனவீர' மட்டும் காவிரிக் கரையில் ஒரு சிறிய ஊரின் பெயராக எண்ணூறு ஆண்டு கடந்து இன்றைக்கும் பஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயர் அந்தக் கணக்கில் சேர்ந்த ஒன்று என்பதை அறிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது.

பிறகு அரியணையை அதே குலசேகரனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோழன் வடக்கே திரும்பினான்.

இனி வைகைக் கரைத் திருப்புவனத்துக்கு வருகிறேன். அங்கே புஷ்பவனேசுவரர் கோயில். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் வைகைக்கு எதிர்க்கரையில் வந்து நின்றபோது ஆற்று மணலெல்லாம் சிவலிங்கமாகத் தெரிந்ததாம். அதை எப்படி மிதிப்பது என்று அக்கரையிலிருந்தே பாடிக் கும்பிட்டார்கள் என்பது தலபுராணம். பொன்னனையாள் என்ற ஆடல்மகளுக்காக ஈசன் சித்தராக வந்து பாத்திரங்களைப் பொன்னாக்கிய திருவிளையாடல் நடந்ததும் இங்கேதான். அந்தப் பொன்னில் செய்த திருமேனியின் அழகைத் தாங்காமல் அவள் கன்னத்தைக் கிள்ளினாள், நகக்குறி பதிந்துவிட்டது என்று சொல்வார்கள். கீழடி இந்த ஊரின் தாலுகாவைச் சேர்ந்தது. 2015-க்குப் பிறகு உலகமே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. 2023-ல் அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. கீழடியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது அதைவிடப் பதினெட்டு நூற்றாண்டு பிந்திய ஒரு பொருளை, திருப்புவனம் செப்பேடுகளை.

அதை வெளியிட்டவன் அதே சடையவர்மன் குலசேகரன். தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 1214 வாக்கில். அபிஷேக மண்டபம் இடிபட்டு ஒன்பது ஆண்டுதான் ஆகிறது. செப்பேட்டின் சாரம் இது: பல ஊர்களைச் சேர்த்து ஒரே ஊராக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேதியர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்து, அந்தப் புது ஊருக்குத் தன் பட்டப்பெயரில் இராசகம்பீரச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் வைக்கிறான். மானாமதுரைப் பக்கம் நெடுஞ்சாலையில் இராஜகம்பீரம் என்று இன்றைக்கும் ஊர் இருக்கிறது.

தோற்றுப்போய், காட்டுக்கு ஓடி, எதிரி தயவில் அரியணையைத் திரும்ப வாங்கிய அரசன் வெளியிட்ட ஆவணம் மாதிரி அது இல்லை. பல ஊர்களை ஒன்றாக்குவதற்கு அளக்க வேண்டும், பழைய உரிமைக்காரர்களைப் பேசித் தீர்க்க வேண்டும், எல்லைக்கல் நட வேண்டும், பங்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுத வேண்டும். கணக்கர், நாட்டார், ஓலை எழுதுவோர் என்று ஒரு முழு நிர்வாகம் உயிரோடு இயங்கினால் மட்டுமே அப்படி ஒரு செப்பேடு வரும். எங்கள் ஊர்க் கல்வெட்டை மட்டும் படித்தவர்கள், 1205-ல் பாண்டிய நாடு முடிந்துபோனது என்றுதான் நினைப்பார்கள். அது முடியவில்லை. வரி வசூலித்துக்கொண்டு, ஊர் அமைத்துக்கொண்டு, பலம் சேர்த்துக்கொண்டு இருந்தது. என்னைப் பொறுத்தவரை சோழப் பேரரசின் முடிவை முன்கூட்டியே காட்டும் ஆவணம் இந்தச் செப்பேடுதான். அதில் போரைப் பற்றிய மிரட்டல் ஏதும் வேண்டியதில்லை, நிலக் கணக்கே போதும்.

இங்கே இன்னொரு பெயர்ப் பொருத்தமும் இருக்கிறது. இராசகம்பீரன் என்பது இரண்டாம் ராஜராஜ சோழனுக்கும் பட்டப்பெயர். எங்களூரிலிருந்து கும்பகோணத்தைத் தாண்டினால் தாராசுரம். அங்கே குதிரை இழுக்கும் தேர் வடிவில் இருக்கிறதே, அந்த மண்டபத்தின் பெயர் இராசகம்பீரன் திருமண்டபம். சோழன் ஒருவன் மண்டபத்துக்கு வைத்த பெயரை அடுத்த அடுத்த தலைமுறையில் பாண்டியன் ஒருவன் ஊருக்கு வைக்கிறான். இரண்டு அரச குலங்களும் ஒரே அகராதியிலிருந்து பட்டம் எடுத்துக்கொண்டன. திருபுவனமும் திருப்புவனமும் காதுக்கு ஒன்றானது தற்செயல். இராசகம்பீரம் இரண்டானது தற்செயல் இல்லை.

செப்பேடு வெளியான இரண்டே வருஷத்தில், 1216-ல், குலசேகரனுக்குப் பின் மாறவர்மன் சுந்தர பாண்டியன் பட்டத்துக்கு வந்தான். அவனைக் குலசேகரனின் தம்பி என்றே வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். அண்ணன் பட்ட அவமானம் இவன் கண்முன்னால் நடந்தது. வந்த வேகத்தில் சோழ நாட்டின்மேல் பாய்ந்தான்.

அந்தப் படையெடுப்பைப் பற்றி அவன் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் பாட்டு, சொல்வதை டெல்டாவில் பிறந்தவர் யாரும் சாதாரணமாகப் படிக்க முடியாது. 'தஞ்சையும் உறந்தையுஞ் செந்தழல் கொளுத்தி' என்று ஆரம்பம். தஞ்சாவூரும் உறையூரும் எரிந்தன. எரித்ததோடு விடவில்லை. 'வாவியும் ஆறும் அணிநீர் நலனழித்து' என்று அடுத்துப் போகிறது. குளத்தையும் ஆற்றையும் கெடுத்தார்கள். எனக்குத் தீயைவிட இந்த அடிதான் உறுத்துகிறது. வீடு எரிந்தால் ஆறு மாதத்தில் கீற்று வேய்ந்துகொள்ளலாம். வாய்க்கால் தலைப்பை உடைத்து, மதகைப் பெயர்த்து, குளத்தின் கரையை வெட்டிவிட்டால் அந்தப் பாசனத்தில் இருக்கிற அத்தனை ஊரும் எத்தனை போகம் பட்டினி கிடக்கும் என்று இங்கே விவசாயம் பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார். ஆடிப்பெருக்குக்குக் காவிரி வந்தும் வயலுக்குத் தண்ணீர் ஏறாத ஒரு வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அதைச் செய்தவனே அதை வெற்றியாகக் கல்லில் பொறிக்கிறான்.

பிறகு மதில், கோபுரம், ஆடரங்கு, மாளிகை, மண்டபம் எல்லாம் இடித்ததைச் சொல்லி, பகை அரசரின் பெண்கள் அழுத கண்ணீர் ஆறாகப் பரந்ததைச் சொல்லி, 'கழுதைகொண் டுழுது கவடி விச்சி' என்று அந்தப் பகுதி முடிகிறது. கழுதையைப் பூட்டி உழுது, இந்த மண் இனி நெல்லுக்கு ஆகாது என்று அறிவிக்கிற சடங்கு. சங்க காலத்திலேயே இந்த வழக்கம் இருக்கிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற பழம் பாண்டியன் எதிரிகளின் ஊரைக் கழுதை பூட்டி உழுததைப் புறநானூற்றுப் பாட்டு ஒன்று புகழ்கிறது. ஆகவே நிஜமாகவே கழுதை கட்டினார்களா, முன்னோர் சொன்ன மாதிரி புலவர் சொன்னாரா என்று வாதம் செய்யலாம். தஞ்சாவூர் எரிந்ததில் வாதம் இல்லை.

அடுத்து அவன் செய்தது, 1205-க்கு அளவெடுத்துத் தைத்த பதில். ஆயிரத்தளியில், சோழர்களின் சொந்த அபிஷேக மண்டபத்திலேயே நின்று தனக்கு வீராபிஷேகம் செய்துகொண்டான். கல்வெட்டுகள் அந்த இடத்தை முடிகொண்ட சோழபுரம் என்கின்றன. அது பழையாறையின் பெயர், எங்களூரிலிருந்து சைக்கிளில் போய்விடுகிற தூரம். மதுரையில் சோழன் பாண்டியர் மண்டபத்தில் செய்ததைச் சோழ நாட்டில் பாண்டியன் சோழர் மண்டபத்தில் செய்தான். வீராபிஷேகம், விசயாபிஷேகம் என்ற அதே இரண்டு சொற்கள் அவனுடைய கல்வெட்டுகளிலும் வருகின்றன.

பிறகு ஹொய்சள அரசன் வல்லாளன் தன் மகன் நரசிம்மனைப் படையோடு சோழனுக்கு உதவ அனுப்பினான். வயதான குலோத்துங்கனும் அவன் மகன் ராஜராஜனும் பொன்னமராவதிக்குப் போய்ச் சுந்தர பாண்டியனைப் பணிந்து நாட்டைத் திரும்ப வாங்கினார்கள். 'சோணாடு வழங்கியருளிய' என்பது அதிலிருந்து பாண்டியனின் அடைமொழி. ஓரிரு ஆண்டில் குலோத்துங்கன் காலம் முடிந்தது. 1279-க்குப் பிறகு சோழ அரசன் என்று சொல்ல யாரும் இல்லை.

இப்படிச் சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் அழிவு மட்டும்தான் என்று ஆகிவிடும். அப்படியில்லை என்பதற்கும் கல்லிலேயே சாட்சி இருக்கிறது.

எங்கள் கோயிலில் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு உண்டு. குலோத்துங்கன் எடுத்த திருப்பணிகளை வரிசையாகச் சொல்கிறது. சிதம்பரத்தில் கூத்தப்பெருமான் முகமண்டபம், அம்மன் கோயில் கோபுரம், சுற்றுமாளிகை, காஞ்சியில் ஏகாம்பரநாதர் கோயில், பக்கத்து ஊர்த் திருவிடைமருதூர், தாராசுரத்து ராஜராஜேச்சரம், திருவாரூரில் சபாமண்டபமும் பெரிய கோபுரமும். இந்தப் பட்டியலின் நடுவே ஆலவாய், அதாவது மதுரை, இருக்கிறது. அரண்மனை மண்டபத்தை இடித்த அதே அரசன், அதே ஊர்ச் சொக்கநாதருக்குத் திருப்பணி செய்ததைத் தன் வெற்றிக் கோயில் சுவரில் எழுதி வைத்திருக்கிறான். கோயிலைப் பிரதிஷ்டை செய்தவர் அரசனின் குரு ஈசுவரசிவர் என்பதும் அந்தக் கல்வெட்டில்தான் கிடைக்கிறது.

சுந்தர பாண்டியனும் அப்படியே. தஞ்சையை எரித்துவிட்டு நேரே தில்லைக்குப் போனான். பொன்னம்பலத்தில் ஆடுகிறவனைக் கண்டு மனம் களித்ததாக மெய்க்கீர்த்தி உருகுகிறது. அவன் கும்பிட நின்ற சந்நிதிக்கு முகமண்டபம் எடுத்தவன், அவன் அப்போதுதான் நாட்டைவிட்டுத் துரத்திய குலோத்துங்கன்.

திருவெள்ளறையில் உள்ள ஒரு பாட்டுக் கல்வெட்டு இன்னும் ஆச்சரியம். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பரிசாகக் கொடுத்தது பதினாறு கால் மண்டபம். படையெடுப்பில் சோழ நாட்டு மண்டபத்துத் தூண்களையெல்லாம் பெயர்த்த பாண்டியன், அந்தப் பதினாறு தூணில் மட்டும் கை வைக்கவில்லை என்கிறது அந்தப் பாட்டு. ஓர் ஊரின் குளத்தை அழிக்கக் கூசாத கை, ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு கவிஞனின் பரிசைத் தொடக் கூசியிருக்கிறது. இதைப் படித்துச் சந்தோஷப்படுவதா, குளங்களை நினைத்துக் கோபப்படுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வருகிறது.

எங்கள் கோயில் சாமியின் பெயருக்கும் பாண்டியனுக்கும்கூடத் தொடர்பு உண்டு. தமிழில் நடுக்கம் தீர்த்த பெருமான். யாருடைய நடுக்கம்? ஊரில் சொல்லும் கதையில் அது வரகுண பாண்டியன். அவன் குதிரைக் காலில் ஓர் அந்தணர் மிதிபட்டு இறந்து, பிரமகத்தி பிடித்தது. திருவிடைமருதூர்க் கோயிலில் கிழக்கு வாசல் வழியாக நுழைந்தான்; பிரமகத்தி வாசலிலேயே காத்திருந்தது; இறைவன் கட்டளைப்படி மேற்கு வாசல் வழியாக வெளியேறித் தப்பினான். இன்றைக்கும் அங்கே உள்ளே போன வாசல் வழியாகத் திரும்பி வராதவர்கள் உண்டு. பிரமகத்தி விட்டாலும் உடம்பு நடுக்கம் போகவில்லை. அது எங்கள் ஊரில்தான் தீர்ந்தது. பாண்டியனை வென்ற சோழன் கட்டிய கோயிலில், பாண்டியனின் நடுக்கத்தைத் தீர்க்கிற சாமி! யார் இந்தக் கதையை முதலில் சொன்னார்களோ, அவர்களுக்கு அரசர்களைவிட விசாலமான மனம் இருந்திருக்கிறது.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்று கேட்பது தறிச் சத்தம். திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1955-ல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் திகோ சில்க்ஸை எல்லோருக்கும் தெரியும். சேலையை மடிப்பதில் எங்களூருக்கென்று ஒரு முறை இருக்கிறது, விசிறி மடிப்பு. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் மடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சேலையின் ஒரு தலைப்பை எதிரே ஒருவர் பிடித்துக்கொள்ள, இவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பட்டை வாங்கி, முன்னும் பின்னுமாகச் சீராக அடுக்கிக்கொண்டே போவார். சரிகைக் கரை மேலே வரிசையாக வந்து உட்காரும். ஒரு மடிப்பு நூல் அளவு விலகினாலும் உதறிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்படி மடித்த சேலையை ஒரு நுனியில் பிடித்து இழுத்தால் விசிறி மாதிரி விரியும்.

அந்த அக்கா சௌராஷ்டிரர். அவர் முன்னோர் குஜராத்துப் பக்கமிருந்து கிளம்பி, விஜயநகரம் வழியாக வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையிலும் தஞ்சாவூர்ச் சீமையிலும் குடியேறியவர்கள். அன்று பிரிந்த குடும்பங்கள் இன்றுவரை பெண் கொடுத்துப் பெண் எடுக்கின்றன. அக்கா பிறந்தது மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம். "எனக்கு ரெண்டு ஊரும் என் ஊருதான் தம்பி. கல்யாணமான புதுசுல, மதுரைக்கு லெட்டர் போட்டா எங்க அப்பா சிரிப்பாரு. திருப்புவனத்துல கட்டிக் கொடுத்திருந்தா டவுன் பஸ்ல வந்து பாத்திருப்பேன், நீ சோழ நாட்டுத் திருபுவனத்துக்குப் போயிட்டியேன்னு எழுதுவாரு" என்றார். குலோத்துங்கன் கதையை அவரிடம் சொன்னேன். மடிப்பை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, "அப்போ தறிக்காரன் யாருக்கு நெய்ஞ்சான்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. மெய்க்கீர்த்தியிலும் இல்லை.

என் ஆசை ஒன்றுதான். இரண்டு ஊர்க் கோயில் வாசலிலும் ஒரு தகவல் பலகை வேண்டும். எங்கள் பலகையில், கோயிலைக் கட்டியவன் பெயருக்குக் கீழே, அதே போரில் தோற்ற குலசேகரன் ஒன்பது ஆண்டு கழித்து வெளியிட்ட செப்பேடு இன்னொரு திருப்புவனத்தின் பெயரால் வழங்குகிறது என்று எழுத வேண்டும். 1216-ல் இந்தப் பக்கத்துக் குளங்களுக்கும் ஆறுகளுக்கும் என்ன நடந்தது என்பதும் இருக்க வேண்டும். அவர்கள் பலகையில், மதுரை அபிஷேக மண்டபத்தை இடித்தவனே சொக்கநாதருக்கும் திருப்பணி செய்ததைத் தன் கோயில் சுவரில் பொறித்திருக்கிறான் என்று இருக்க வேண்டும். கீழடிக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகள் போகிற வழியில் அதைப் படிப்பார்கள். ராகு கால பூஜைக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இங்கே படிப்பார்கள். எங்கள் பக்கத்து வாசகத்தை எழுதி வைத்துவிட்டேன், கோயிலில் கொடுக்கப் போகிறேன். வைகைக் கரைக்காரர்கள் யாராவது அந்தப் பக்கத்து வாசகத்தை எழுதினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். முகவரியில் மட்டும் 'கும்பகோணம் அருகில்' என்று மறக்காமல் போட்டுவிடுங்கள்.